இரண்டு பங்கு ஒன்பது

பாசிக்குடா ஹோட்டலில் விடிய நாலரைக்கு
என் இடது முன்கையைத் துடைத்து
வெள்ளைத் துவாயின்மேல் வைக்கச் சொன்னான்
மேக்கப் போடும் செல்வின்.
விலை கேட்க மீனை வைப்பதுபோல வைத்தேன்.

ஒன்பதாம் நம்பர்ப் போத்தலில் இரண்டு சொட்டு,
பதினொன்றில் ஒன்று,
தன் உள்ளங்கையில் குழைத்து
என் கையோடு ஒட்டிப் பார்த்தான்.
இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.
மறுகா
தோலுக்கும் குழையலுக்கும் நடுவில் கோடு காணாமல் போனது.
கொப்பியில் எழுதினான்:
தவமலர். 2 பங்கு 9, 1 பங்கு 11.

நடிக்கக் கேட்டுத்தான் நான் முதலில் வந்தேன்.
பனிச்சங்கேணிப் பாலத்தடியில்
அத்தாங்கோடு நிற்கும் ஒருத்தியின் கதை.
எங்கள் வாசிகசாலையில் அட்டை கழன்று கிடக்கிற புத்தகம்.
நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரே ஒரு தரம் எழுதியிருக்கும்:
அவள் கண்டல் வேரின் நிறம்,
வத்துத் தண்ணியில் நின்றால்
வேர் எது கால் எது என்று கொக்குக்கும் தெரியாது.
வாகரை, கதிரவெளி, மாங்கேணி என்று
பதினேழு பெட்டைகள் வந்திருந்தோம்.
பதினேழு பேருக்கும் அந்த வரி பாடம்.
கமராக்காரர் நல்ல மனிதர், பிஸ்கட் தந்தார்.
"நைட் சீன்ல உங்க முகம் விழாதும்மா" என்றார்,
விடியவிடியப் பெற்றோமாக்ஸ் வெளிச்சத்தில்
ஆளையாள் அடையாளம் கண்டு
இறால் பிடிக்கிற எங்களிடம்.

கதாநாயகி மிஹிகா, வடக்கே எங்கேயோ பெரிய நகரம்.
குழப்படியில்லாத பிள்ளை.
வசனத்துக்குப் பதில் ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணி
அழுதது.
பின்னேரம் முகம் கழுவினால்
பேசினில் என் நிறம் ஒரு சுற்றுச் சுற்றி ஓட்டையால் இறங்கும்.
அதைப் பார்க்க எனக்குச் சம்பளமில்லை.
நின்று பார்த்தேன்.

இதையும் எழுத வேணும்:
அக்காவைப் பார்க்க வந்தவர்கள்
"பிள்ளை நிறம் கொஞ்சம் காணாது" என்று போனபிறகு
வாழைச்சேனைக் கடையில் அந்தச் சின்ன டியூப்பை
முந்நூற்றெண்பது ரூபாய்க்கு வாங்கி வந்தது
நான்தான்.

பதினோராம் நாள் இறால் உரிக்கும் காட்சி.
மிஹிகாவுக்கு நகம் நீளம், இறால் மணமும் ஒத்துக்கொள்ளவில்லை.
"கையை மட்டும் குடுங்க."
குடுத்தேன்.
ஒன்பதுமில்லை, பதினொன்றுமில்லை, வெறும் கை,
பெருவிரலில் கெளுத்தி குத்திய வடுவோடு.
"சூப்பர்" என்றார் டைரக்டர், கையைப் பார்த்து.

மட்டக்களப்பில் படம் வந்தபோது
சுகிர்தாவும் நானும் பகல் காட்சிக்குப் போனோம்.
அவள் தோணியிலிருந்து இறங்கவும் ஹோல் முழுக்க விசில்.
வடிவாகத்தான் இருந்தது, பொய் சொல்ல ஏலாது.
செல்வின் பூசியதையும்
எங்கேயோ ஒரு கம்ப்யூட்டரில் கழுவியிருந்தார்கள்,
பாலில் தேத்தண்ணி ஊத்த மறந்த மாதிரி.
பிறகு திரை முழுக்க இரண்டு கைகள்
இறால் உரித்தன.
பெருவிரலில் வடு.
வடு என்னுடையது.
கை, கோதுமை மா.
முகத்துக்குப் பொருந்த வேணுமென்று
அதையும் வெளுத்துவிட்டார்கள்.

சுகிர்தா கிறுகிப் பார்த்தாள்.
"உன்ட கைதானேகா அது?"
இருட்டில் கையைத் தூக்கிப் பிடித்தேன்.
திரையின் வெளிச்சம் அதில்
விழத்தான் செய்தது.
பின்வரிசையில் ஒருவன் "கையை இறக்கு" என்றான்.
இறக்கினேன்.

போன மாசம் செல்வின் போன் எடுத்தான்.
வேறு படமாம், வேறு கதையாம், இதே நிறமாம்.
கொப்பி தொலைந்துவிட்டதாம்.
"அந்த அளவு ஞாபகம் இருக்கா, தவமலர்?"

இருக்கு என்றேன்.
அவன் பேனை தேடுகிற சத்தம் கேட்டது.
நான் இறாலைக் கழுவிக்கொண்டிருந்தேன்.
சொல்லவில்லை.